கலாதைங்கில் உட்கார்ந்து எழுதிய பாட்டு

சித்திரைப் பிறப்பும் பர்மியப் புத்தாண்டான தஜானும் எங்களுக்கு ஒரே வாரத்தில் வரும். ரங்கூனில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் அந்த வாரத்தின் வாசனையைச் சொல்வார்கள். வீட்டுக்குள் அம்மா வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் சேர்த்துப் பச்சடி கிண்டிக்கொண்டிருப்பார். வெளியே தெரு முழுக்கத் தண்ணீர். பெண்கள் கொண்டையில் மஞ்சள் நிறப் படாவ் பூ. நம் வேங்கை மரத்தின் இனம்தான் அது. தஜான் என்ற சொல்லே சங்கராந்தி என்பதன் பர்மிய வடிவம். தண்ணீர் ஊற்றுவதற்குப் போடும் மேடையை மண்டாட் என்பார்கள். அது நம் மண்டபம். இப்படி வேர் ஒன்றாகவும் இலை வேறாகவும் இருக்கும் ஊரில் பிறந்தவன் நான். ராப் பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்த ஏப்ரல் மாதத்திலிருந்துதான் தொடங்க வருகிறது.

தஜான் என்றால் தண்ணீர் மட்டும் இல்லை. தன்ஜாட் என்று ஒன்று உண்டு. ஒருவர் முன்னால் நின்று அடி எடுத்துக் கொடுப்பார். பின்னால் நிற்கும் கூட்டம் பதில் சொல்லும். கூடவே ஒரு சின்ன மத்தளம், ஜால்ரா, கைத்தட்டல். போன வருடம் நடந்ததெல்லாம் அதில் வந்துவிடும்: அரிசி விலை, மின்வெட்டு, லஞ்சம், ஏமாந்துபோன காதல், பெரிய மனிதர்களின் சின்னத்தனம். புது வருடம் பிறக்குமுன் உடம்பைத் தண்ணீரால் கழுவுவதுபோல ஊரை வாயால் கழுவிவிடுவது. 1988 எழுச்சிக்குப் பிறகு, 1989இல், இராணுவ அரசு அதைத் தடை செய்தது. தடை செய்த பிறகு வெளிநாட்டில் இருந்த பர்மியர்கள் அதைப் பாடிப் பதிவு செய்து உள்ளே அனுப்பினார்கள். கேசட் கைமாறிக் கைமாறி வந்தது.

அப்படி ஒரு கேசட் எங்கள் வீட்டுக்கும் வந்தது. எனக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும். அப்பா டேப் ரிகார்டர்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பார். தனி ஆள் சொல்லும் அடி எனக்குச் சரியாகக் கேட்காது. கூட்டம் சொல்லும் பதில் மட்டும் துண்டையும் தாண்டி வரும்.

"யாருப்பா இது பாடுறது?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான்" என்றார்.

அப்பா எந்தப் பேரையும் சொல்லாமல் தப்பித்துக்கொண்டார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அந்தப் பாட்டின் இலக்கணத்தையே அவர் அந்த ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

தமிழ் இலக்கணம் எனக்குக் கோயில் மண்டபத்தில் வந்தது. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டதும் எங்கள் மக்களுக்கு இருந்த தமிழ்ப் பள்ளிகளும் போயின. கடைகளும் தொழில்களும் பறிபோய், ஏறக்குறைய 3 லட்சம் இந்தியர்கள் அந்த ஆண்டுகளில் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது கோயில் வகுப்புதான். பகலில் பர்மியப் பள்ளி, பர்மியப் பெயர். மாலையில் தமிழ்ப் பெயர், பாய், சிலேட்டு. எங்கள் வாத்தியார் கரும்பலகையில் எதையும் எழுதிப்போட மாட்டார். தொடையில் தட்டித்தான் சொல்லித் தருவார். நாலு தட்டு ஒரு அடி. முதல் தட்டில் வரும் முதல் எழுத்து மூன்றாம் தட்டிலும் வந்தால் மோனை. இந்த அடியின் இரண்டாம் எழுத்தும் அடுத்த அடியின் இரண்டாம் எழுத்தும் ஒன்றினால் எதுகை. "முதல் எழுத்து வாசல், இரண்டாம் எழுத்துதான் வீடு" என்பார். அளவடி என்றால் நான்கு சீர் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அவர் தொடையில் கேட்டேன்.

2000ஆம் ஆண்டு ஆசிட் என்ற குழுவின் முதல் ஆல்பம் வந்தது. பர்மாவின் முதல் ஹிப் ஹாப் ஆல்பம் அதுதான். நாலு பையன்கள். ஓடாது என்று சொன்னவர்கள் பலர். ஆனால் இரண்டு மாதத்துக்கும் மேல் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. எங்கள் தெரு முனை டீக்கடையில் அது திரும்பத் திரும்ப ஓடும். எனக்கு அப்போது பதினாறு வயது. முதல் தடவை கேட்டபோது சொல் புரிவதற்கு முன்னால் கை தானாகத் தொடைக்குப் போனது. நாலு தட்டு. ராப் பாடுகிறவர்கள் ஒரு அடியை 'பார்' (bar) என்று சொல்கிறார்களே, அதுவும் நாலு தட்டுதான். நியூயார்க்கில் 1970களில் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் தெருவிருந்துகளில் இசைத்தட்டைச் சுழற்றிக்கொண்டே பேசத் தொடங்கியதற்கும் எங்கள் வாத்தியாரின் தொடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அடி ஒன்றாக இருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ராப் என்றால் கடைசியில் ஒரே மாதிரி முடிப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது கஷ்டப்பட்டுத் தேட வேண்டிய விஷயம், அதனால் அதற்கு மதிப்பு உண்டு. தமிழிலும் பர்மியத்திலும் வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வந்தேன், நின்றேன், சொன்னேன், சிரித்தேன்: யார் வேண்டுமானாலும் விடிய விடிய இப்படி முடித்துக்கொண்டே போகலாம். பர்மியத்தில் வாக்கியம் தெ என்றோ மெ என்றோ பூ என்றோ முடியும். நடந்தது தெ, நடக்கப்போவது மெ, இல்லை என்பது பூ. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு ஆல்பமே போடலாம், போட்டும் இருக்கிறார்கள். நம் தொல்காப்பியம் இதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: இயைபு. ஆனால் தமிழ்ப் புலவர்கள் அடியின் தலைப்பக்கத்துக்குத்தான் எதுகையைக் கொண்டுபோனார்கள். கடைசியில் எளிதாகக் கிடைப்பதை நம்பாமல், முதலிலேயே விலை கொடுத்து வாங்கினார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்ச் சொல்லிசை என்ற பெயரில் வருவதில் எனக்கு அலுப்புத் தட்டுவதெல்லாம் இயைபை மட்டும் நம்பி வருபவைதான். மலேசியாவில் யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் போட்ட ஆல்பத்தை, அங்கே வேலைக்குப் போன உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கேட்டபோது முதலில் எனக்குச் சந்தோஷம் தந்தது, அடியின் நடுவிலும் தலையிலும் ஓசை மோதிக்கொண்ட இடங்கள்தான்.

பர்மியர்கள் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். அவர்கள் மொழியில் அடிப்படைச் சொற்கள் பெரும்பாலும் ஓரசைச் சொற்கள். பழைய செய்யுளில் நான்கு அசை ஒரு அடி. முதல் அடியில் நான்காம் அசை, இரண்டாம் அடியில் மூன்றாம் அசை, மூன்றாம் அடியில் இரண்டாம் அசை, இந்த மூன்றும் ஓசையில் ஒன்ற வேண்டும். காயான் என்று அதற்குப் பெயர். வலமிருந்து இடமாக ஓசை படியேறிப் போகும். தமிழில் அசைக்குப் பதில் சீரை வைத்து நானே ஒன்று கட்டிப் பார்த்தேன்:

மழை நின்ற தெரு ஓரம்
நனைந்த கூடை பாரம் இறக்கி
விடியும் நேரம் பார்த்து நிற்கிறாள்

ஓரம், பாரம், நேரம். காகிதத்தில் பார்த்தால் படிக்கட்டு தெரியும். காதில் கேட்டால் வேறொன்று தெரியும்: ஓசை வர வேண்டிய நேரத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. ஒவ்வொரு அடியிலும் ஒரு சீர் முன்னதாக. கேட்கிறவன் காத்திருக்கும் இடத்தில் அது இல்லை. அதற்குள் கடந்து போய்விட்டது. ராப்பில் உள்ளெதுகை என்று கொண்டாடுகிறார்களே, அதைத்தான் பர்மியப் பிள்ளைகள் பாட்டி மடியில் கேட்டு வளர்ந்தார்கள். ஆசிட் பையன்கள் செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அமெரிக்கத் தாளத்தை இறக்குமதி செய்தது அல்ல. தங்கள் மொழியின் ஓசை அந்தத் தாளத்தில் எங்கே உட்காரும் என்று தேடிக் கண்டுபிடித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பர்மியத்தில் குரலின் ஏற்ற இறக்கமே பொருள். கா என்று நமக்குக் கேட்கும் ஒலியைத் தாழ்த்திச் சொன்னால் குலுக்குவது, உயர்த்தி நீட்டினால் கசப்பது, வெட்டி நிறுத்தினால் அடிப்பது. மெட்டுக்குப் பாடும்போது இந்த ஏற்ற இறக்கத்தை மெட்டு விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. பேச்சாகச் சொல்லும் பாட்டில் அது பிழைத்துக்கொள்கிறது. கசப்பைச் சொல்வதுபோல ஆரம்பித்து அடிப்பதில் கொண்டுபோய் நிறுத்தலாம். கேட்கிற காதுக்குத் தெரியும். காகிதத்தில் பார்க்கிறவருக்கு அந்தத் தூரம் தெரியாது.

காகிதத்தில் பார்க்கிறவர் என்று சொன்னது சும்மா இல்லை. அந்தக் காலத்தில் பாட்டு வெளிவர வேண்டும் என்றால் வரிகளை முன்கூட்டியே தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். அச்சுக்கு முன்னான தணிக்கை 2012 ஆகஸ்டில்தான் நீங்கியது. அதுவரை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கண்ணுக்குத் தெரியாத முதல் வாசகர் இருந்தார். அவர் எதைப் பிடிப்பார், எதை விடுவார் என்று யோசித்து யோசித்தே ஒரு தலைமுறைக்குக் கவிதை நுட்பம் வந்தது. ஆசிட்டின் வரிகள் நேராக அரசைத் திட்டவில்லை. அன்றாட வாழ்க்கையின் பாடுகளைச் சொன்னன. டீக்கடையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

இதற்கு ஏற்ற விளையாட்டு ஒன்றும் அந்த மொழியிலேயே இருக்கிறது: ஸகலெய்ன், திருகிய பேச்சு. பக்கத்துப் பக்கத்து அசைகளின் ஓசையை மாற்றிப் போட்டுப் பேசுவது. தமிழில் காட்ட வேண்டுமானால், பால்கடை என்று சொல்கிறேன், நீங்கள் அதைத் திருகிக் கால்படை என்று கேட்டுக்கொள்கிறீர்கள். நான் பாலைத்தான் சொன்னேன்; படையை நீங்கள்தான் கேட்டீர்கள். இரட்டுற மொழிதலில் காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடக்கியதைச் சபையில் ரசித்தோம். அவருக்கு அது புலமையின் பெருமிதம். ரங்கூன் டீக்கடையில் அதே வித்தைக்கு வேறு வேலை இருந்தது. இரண்டு பொருளில் ஒன்று சொல்கிறவனுக்குக் கூரை. மற்றொன்று கேட்கிறவனுக்குச் செய்தி. அணி என்றால் அழகுக்குப் போடுவது என்று சொல்லித் தருகிறோம். நான் பார்த்த அணிகள் மழைக்கு ஒதுங்க நின்ற இடங்கள்.

சரி, என் அக்கா மகனின் பாட்டுக்கு வருகிறேன். அவன் பெயரையும் இருக்கும் ஊரையும் இங்கே எழுதப்போவதில்லை.

பர்மாவில் இந்திய முகத்தோடு பிறந்தவனுக்குத் தெருவில் ஒரு பெயர் தயாராக இருக்கும்: கலா. மேற்கே இருந்து வந்தவர்களுக்கெல்லாம் முன்பு பொதுவாகச் சொன்ன சொல் அது. வெள்ளைக்காரனைக்கூடக் கலாபியு, வெள்ளைக் கலா என்றார்கள். பிறகு அது எங்களைக் குத்தும் சொல்லாகிவிட்டது. நான் படித்த பள்ளியில் வருகைப் பதிவேட்டில் எனக்கு நல்ல பர்மியப் பெயர் இருந்தது. அதை விளையாட்டு மைதானத்தில் யாரும் சொன்னதில்லை. ஒரு நாள் பந்து தொலைந்துபோனதற்கு, "கலா எடுத்திருப்பான்" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பந்து கால்வாயில் கிடந்தது. கொட்டியதை யாரும் எடுத்து உள்ளே வைக்கவில்லை. நானே குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். முப்பது வருடம் ஆகிறது. தமிழ் நோட்டின்மேல் ஒட்டியிருந்த சேறுவரை ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சொல் பர்மிய மொழிக்குள் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நாற்காலிக்குக் கலாதைங் என்று பெயர், கலா உட்காருவது. கடலைப்பருப்பு கலாபே. ஒட்டகம் கலாஓ. 2017இல் ஃபேஸ்புக் நிறுவனம் வெறுப்புப் பேச்சைத் தடுக்க வேண்டும் என்று இந்தச் சொல் வரும் பதிவுகளை நீக்கத் தொடங்கியது. நாற்காலியைப் பற்றி எழுதியவர்களின் பதிவும் பருப்பைப் பற்றி எழுதியவர்களின் பதிவும் சேர்ந்தே போயின. நாடு முழுக்கச் சிரித்தது. எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அக்கா மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "மாமா, அந்த வார்த்தைய எடுத்துட்டா நாற்காலிக்கு என்ன பேரு?" என்று கேட்டான். அப்போது என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏழு வருடம் கழித்து அவனே ஒரு பதில் எழுதினான்.

முதலில் பர்மியத்தில் எழுதி, பிறகு தமிழில் மாற்றி, போனில் படித்துக் காட்டினான்:

கலா என்று கூப்பிட்டாய், கடைக்குள் நின்று திரும்பினேன்
கலாதைங் இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டாய்
கலாபே வேகும் வாசனையில் காலைப் பசி தீர்த்தாய்
கலா போ என்கிறாய், நான் எழுந்தால் நீ எதில் உட்காருவாய்?

கேட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. இதில் என்ன நடக்கிறது என்று பிரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பிரிக்கப் பிரிக்கப் பெருகும் வரிகள் இவை. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தருவதைத் தண்டியலங்காரம் சொல்பின்வருநிலை அணி என்கிறது. இங்கே முதல் அடியில் கலா ஒரு வசவு. இரண்டாவதில் மரச்சாமான். மூன்றாவதில் சாப்பாடு. நான்காவதில் மறுபடி வசவு. ஆனால் இப்போது அந்தச் சொல்லைச் சொல்கிறவனின் வீடு முழுக்க அது பரவிக் கிடப்பதை நாம் பார்த்தாகிவிட்டது. முதல் அடியில் இருந்த அதே சொல்லாக அதை இனிமேல் சொல்லவே முடியாது. வசவை மறுத்து ஒரு வார்த்தைகூட அவன் எழுதவில்லை. நான் இந்த மண்ணில் பிறந்தவன், எனக்கும் உரிமை உண்டு என்ற பேச்சும் இல்லை. வரிசையாக அடுக்கி வைத்தான், அவ்வளவுதான்.

ஓசையும் அதே வேலையைத்தான் செய்கிறது. மூன்று அடி முழுக்கக் க, கா என்று மோனை தட்டிக்கொண்டே போகிறது, கதவைத் தட்டுவதுபோல. நான்காம் அடியில் "கலா போ" வரைக்கும் தட்டி, "நான்" என்ற இடத்தில் மோனை நின்றுபோகிறது. அதுவரை கூப்பிட்டது, இழுத்துப் போட்டது, பசி தீர்த்தது எல்லாம் நீ. முதல் அடியில் நான் திரும்பினேன், அவ்வளவே. கடைசி அடியில்தான் நான் எழுந்து நிற்கப்போகிறேன். மோனை உடைகிற இடமும் ஆள் எழுகிற இடமும் ஒன்று. இதைத் தெரிந்தே செய்தாயா என்று கேட்டேன். "அந்த இடத்துல வேற மாதிரி தட்டுச்சு மாமா" என்றான். அவன் கோயில் வகுப்புக்கு இரண்டு வருடம்தான் போனான். ஆனால் தட்டு எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது.

நான் ஒரே ஒரு யோசனை சொன்னேன். தமிழில் பெண் குழந்தைக்குக் கலா என்று பெயர் வைக்கிறோமே மாப்ள, கலை என்று அர்த்தமாச்சே, அதையும் சேர்க்கலாமே என்றேன். வேண்டாம் என்றுவிட்டான். "அது நமக்கு மட்டும்தான் புரியும். நாற்காலி அவங்களுக்கும் புரியும்ல?" இரட்டுற மொழிவதில் இரண்டாவது பொருள் யாருக்கு என்ற கேள்வியை நான் யோசித்ததே இல்லை. ஒளித்து வைப்பதையே திறமை என்று பழகிய தலைமுறை நாங்கள். அவனுக்கு எதிரில் இருப்பவன் கேட்க வேண்டும்.

தெரிந்தவர்கள் நடத்திய ஒரு சின்ன நிகழ்ச்சியில் இதைப் பாட அவன் கேட்டிருக்கிறான். தாளம் நன்றாக இருக்கிறது, அந்த நாலு வரியை மட்டும் எடுத்துவிடு என்றார்களாம். எடுத்துவிட்டால் மிச்சம் தாளம்தான். அவன் போகவில்லை.

அவன் வயதில் எனக்கு இருந்த தைரியத்தைவிட அவனுக்கு அதிகம் இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம். தன்ஜாட் மேல் இருந்த தடை 2013 வாக்கில் தளர்ந்து, தெருவில் மறுபடியும் கேட்டபோது எங்கள் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார், துண்டு இல்லாமல். அதற்குள் 2019 வந்துவிட்டது. ரங்கூனில் தன்ஜாட் வரிகளை முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். மயில் தலைமுறை என்று பொருள்படும் பெயர் கொண்ட இளைஞர் குழு ஒன்று இராணுவ உடை போட்டுக்கொண்டு தன்ஜாட் பாடியது. அதன் உறுப்பினர்கள் தண்டனைச் சட்டத்தின் 505 (ஏ) பிரிவில் ஓராண்டுச் சிறை பெற்றார்கள். கேலி செய்த பாட்டுக்கு ஓராண்டு.

ஆசிட்டில் இருந்த பியோ ஸேயா தோவின் கதை இன்னும் நீளமானது. 2007இல் பிக்குகள் தெருவில் இறங்கிய போராட்டத்துக்குப் பிறகு நண்பர்களோடு ஓர் இளைஞர் இயக்கம் தொடங்கினார். 2008 மார்ச்சில் கைது, நவம்பரில் ஆறாண்டுத் தண்டனை, 2011இல் விடுதலை. 2012 இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குப் போனார். டீக்கடையில் அவர் குரலைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது தந்த நம்பிக்கையை இன்று சொல்வதுகூடக் கடினமாக இருக்கிறது. 2021 இராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் மறுபடி கைது. 2022 ஜூலையில் அவரையும் மற்ற மூவரையும் தூக்கிலிட்டார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த நாட்டில் நிறைவேறிய மரண தண்டனைகள் அவை. அவருக்கு 41 வயது. செய்தி வந்த அன்று நான் வேறு நாட்டில் இருந்தேன். அக்கா போன் செய்து அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், சாப்பிட்டாயா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

அதன்பிறகுதான் அப்பா சொன்ன பதில் எனக்குள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கியது. எல்லாரும்தான். ராப்பில் ஒரு ஆள் ஒரு மைக்கைப் பிடித்து நான் என்று ஆரம்பிக்கிறான். தன் பெயரைச் சொல்கிறான், தன் தெருவைச் சொல்கிறான், தன் குரலைப் பதிக்கிறான். யாரும் மதிக்காத ஒருவன் தன் பெயரை உரக்கச் சொல்ல ஒரு வடிவம் கிடைத்தது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கலா என்று மட்டுமே கூப்பிடப்பட்டவனுக்கு நான் என்ற சொல் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். ஆனால் பிடிக்க வருகிறவர்களுக்கும் அந்தப் பெயர் கிடைத்துவிடுகிறது. தன்ஜாட்டில் ஒருவர் பாதிதான் சொல்கிறார். மீதியைக் கூட்டம் சொல்கிறது. பொருள் முடிகிற இடம் பெரும்பாலும் கூட்டத்தின் வாயில் இருக்கும். சொன்னது யார் என்றால் யாரைக் காட்டுவது?

நம்மிடமும் இது இருக்கிறது. நடவுப் பாட்டில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, வரப்பு வரைக்கும் நிற்கிறவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பண்ணைக்காரனைக் கிண்டல் செய்யும் அடி எப்போதும் வாங்கிப் பாடுகிறவர்கள் பக்கம் இருக்கும் என்று அப்பாயி சொல்லியிருக்கிறார். அவர் பெகு பக்கத்து வயல்களில் நட்டவர். செட்டியார்களுக்குப் போன நிலம், நட்டவர்கள் தமிழர்களும் பர்மியர்களும். அந்த வயலில் இரண்டு மொழிப் பாட்டும் கேட்டதாம்.

2021 பிப்ரவரியில், ஆட்சிக்கவிழ்ப்பை எதிர்த்து ஊரே இரவு எட்டு மணிக்குப் பாத்திரம் தட்டியது. கெட்டதை விரட்டப் பாத்திரம் தட்டுவது பர்மியரின் பழைய வழக்கம். எங்கள் அம்மா பூஜைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார். சொல்லே இல்லாத பாட்டு அது. எதிர்வீட்டுப் பர்மியப் பாட்டி இரண்டு தட்டுத் தட்ட, அம்மா இரண்டு தட்டு. சேர்த்தால் நாலு. அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை அதிகம் கிடையாது. மைதானத்தில் என் பையைக் கொட்டியவர்களில் ஒருவன் அந்த வீட்டுப் பிள்ளைதான். அவனும் அன்றைக்கு அந்தப் பால்கனியில் நின்று தட்டிக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் போன வருடம் அக்கா மகனிடம் போனில் சொன்னேன். புத்தி சொல்வதாக இல்லை, சும்மா ஞாபகத்தைச் சொல்வதாக. அவன் கேட்டுக்கொண்டு, ம் ம் என்றான். சத்தம் வெளியே போகாமல் ஜன்னலில் போர்வை தொங்கவிட்ட அறையில் அவன் பதிவு செய்வது எனக்குத் தெரியும்.

இந்தச் சித்திரைக்கு அவனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அதே நான்கு அடிகள். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் பிறகு நாலு தட்டு நீளத்துக்கு வெறும் தாளம் விட்டிருந்தான். "மாமா, இதுல இடம் விட்டிருக்கேன். நீங்க சொல்லுங்க" என்று கடைசியில் அவன் குரல். நான் வேலை செய்யும் இடத்தின் படிக்கட்டில் போய் நின்றுகொண்டு, அந்த நாலு இடத்திலும் பதில் சொல்லிப் பதிந்து அனுப்பினேன். என்ன சொன்னேன் என்பது அந்தப் பாட்டோடு இருக்கட்டும்.

மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது. அவன் ஒரு அடி சொல்ல, என் குரல். என் குரலோடு சேர்ந்து அக்காவின் குரல். அம்மாவின் குரலும் ஒரு நொடி தாமதமாக, எப்போதும்போல. கடைசி அடி முடிந்து, நான் எழுந்தால் நீ எதில் உட்காருவாய் என்று அவன் நிறுத்தியதும், எங்களோடு இன்னும் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன. அதில் ஒன்று தமிழ் உச்சரிப்பே வராத, பர்மிய நாக்கு. அது யார் என்று நான் கேட்கவில்லை.